ஊரும் ஊர்தியும்

(உப்பளத்தில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

‘ஊரும் ஊர்தியும்’ என்பது எனக்களிக்கப்பட்ட தலைப்பு. தமிழுக்காகக் கூடிய கூட்டத்தில் பேருந்து நிலையத்தையும் தொடர்வண்டி நிலையத்தையும் பற்றி என்ன பேச்சு என்று வியப்பவர் இங்கு இருக்கக்கூடும். மொழி காற்றில் வாழ்வதன்று. மாந்தர் வாயில் வாழ்வது. மாந்தர் மண்ணில் வாழ்கின்றனர். மண்ணிலிருந்து மக்களைப் பெயர்த்தெடுத்தால் மொழி எங்கே நிற்கும்? ஆகவே ஊரமைப்பு என்பது பொறியாளர்க்கும் மனை வணிகர்க்கும் மட்டும் உரிய பொருளன்று, நமக்கும் உரியது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘ஊர்’ என்பது பெயராக நிற்கும்பொழுது மக்கள் கூடிவாழும் இடம். அதே ‘ஊர்’ வினையாக நிற்கும்பொழுது இயங்கிச் செல்லுதல். அதிற் பிறந்ததே ‘ஊர்தி’. ‘நகர்’ என்பதும் அத்தகையதே. பெயராயின் மனை, மாளிகை, பேரூர், வினையாயின் இடம்பெயர்தல். இவை ஒருவேர்ச் சொற்களா, ஒலியால் ஒத்தனவா என்பதைச் சொல்லாய்வறிஞர் ஆய்க. ஆனால் இருத்தலும் இயங்குதலும் நம் மொழியில் ஒரே ஒலியில் உறைகின்றன என்பது மட்டும் உண்மை. வாழுமிடத்தையும் செல்லும் வழியையும் பிரித்தெண்ணாதே என்னும் அறிவுரையாகவே நான் அதனைக் கொள்கிறேன். பிரித்தெண்ணியதால் வந்த கேட்டினையே இன்று பேச வந்திருக்கிறேன்.

உப்பளம் சொல்லும் பாடம்

நாம் அமர்ந்திருக்கும் இடத்தின் பெயரைப் பாருங்கள். உப்பு + அளம் = உப்பளம். அளம் என்பது உப்பு விளையும் நிலம். உப்பேற்றிய வண்டிகளோடு ஊரூராகச் சென்ற உமணரைக் கழக இலக்கியம் நமக்குக் காட்டுகிறது. ஊரும் ஊர்தியும் இணைந்த தொழில் அது.

அந்த உப்பு எங்கே போயிற்று? 1815-ஆம் ஆண்டு ஆங்கிலரும் பிரெஞ்சியரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பிரெஞ்சியர் ஆட்சிக்குட்பட்ட இடங்களில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலர்க்குச் சென்றது. அதற்கு ஈடாகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 இலக்கம் சிக்கா உரூபா. 1818-இல் மற்றோர் உடன்படிக்கையால் உப்பு விளைவித்தலே நிறுத்தப்பட்டது. அளத்துக்கு உரியவர்க்கு ஏதோ ஈட்டுத்தொகை. அளத்தில் வெயிலில் நின்று உழைத்தவர்க்கு என்ன கிடைத்தது என்று எந்த உடன்படிக்கையும் கேட்கவில்லை. இரண்டு அயலார் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்து, தமிழன் நிலத்தில் தமிழன் செய்யும் தொழிலைத் தமிழனைக் கேளாமலே முடித்துவைத்தனர். பெயரில் மட்டும் உப்பு எஞ்சியது.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது என எண்ணிவிடாதீர்கள். நிலத்தைப் பற்றிய முடிவுகள் அந்நிலத்து மக்களைக் கேளாமல், அவர்களுக்கு விளங்காத மொழியில் எழுதப்படும் வழக்கம் அன்று தொடங்கியது, இன்றும் நின்றபாடில்லை.

பழந்தமிழர் ஊரமைப்பு

செறிவான ஊர், பலதொழிலும் ஓரிடத்தில் விரவிய ஊர், நடந்தே எல்லாவற்றையும் அடையத்தக்க ஊர் என்பது இன்று உலக ஊரமைப்பறிஞர் ஓதும் பாடம். இது நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் இடையே நாளங்காடி என்று சிலப்பதிகாரம் வகுத்துக் காட்டுகிறது. இறங்குதுறையும் பண்டசாலையும் தொழிலாளர் மனையும் அங்காடியும் ஒன்றையொன்று தொட்டு நின்றன. மதுரையில் பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி. அதனால் தெருக்கள் இருபொழுதும் ஆள்நடமாட்டத்தோடு இருந்தன.

இந்தப் புதுச்சேரியையே பாருங்கள். 1761-இல் ஆங்கிலர் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர் எழுந்த ஊர், மதில் நின்ற எல்லையைச் சுற்றியோடும் நான்கு அகன்ற சாலைகளுக்குள் நீள்வட்டமாக அமைந்தது. ஒருமுனையிலிருந்து மறுமுனைக்கு அரைமணிப் பொழுதில் நடந்துவிடலாம். பெரிய அங்காடி நடுவில். கால்வாய்க்கு மேற்கே தமிழர் தெருக்களில் வீட்டின் முன் திண்ணையும் தாழ்வாரமும். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கலாம், மழைக்கு நிற்கலாம். உள்ளே முற்றம், காற்றும் ஒளியும் அதன்வழி. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. ஆயினும் மூச்சுத் திணறவில்லை. அடர்வு வேறு, நெரிசல் வேறு. நெரிசல் என்பது இடமின்மையால் வருவது. அடர்வு என்பது இடத்தை அறிவோடு பயன்படுத்துவதால் வருவது.

ஆனால், தோழர்களே, பழமை என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்து ஆடுவது நம் வேலையன்று. அந்த ஊரில் தெருவுக்கொரு சாதி இருந்தது. கால்வாய்க்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர், தமிழருக்குள்ளும் தெருப்பிரிவு, ஒடுக்கப்பட்டவர்க்கோ நீள்வட்டத்துக்கு வெளியே இடம். பழைய ஊரின் நெருக்கத்தை எடுத்துக்கொள்வோம்; அதன் பிரிவினையைக் கொளுத்துவோம். நாம் கேட்கும் புதிய ஊரில் திண்ணை இருக்கும். ஆனால் இன்னார்தாம் அதில் அமரலாம் என்னும் கட்டு இராது.

ஊர் சிதறிய கதை

புதுச்சேரிப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 294 சதுரக் கி.மீ. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 9½ இலக்கம். இவ்வளவு சிறிய நிலத்தில் ஊரை எப்படி வளர்த்திருக்க வேண்டும்? விளைநிலத்தையும் நீர்நிலையையும் விலக்கி, செறிவாக வளர்த்திருக்க வேண்டும். நாம் செய்ததோ நேர்மாறு. வயலை வாங்கு, கல் நடு, மனையாகப் பிரி, ஓர் ஆங்கிலப் பெயர் சூட்டு, விற்றுவிடு! அந்த மனைக்குப் பேருந்து வருமா, பள்ளி எவ்வளவு தொலைவு, மழைநீர் எங்கே செல்லும் என்பதை விற்றவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.

மழை கேட்டது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. நீர் தன் பழைய வழியைத் தேடிச் சென்றது. அவ்வழியில் நாம் வீடு கட்டியிருந்தோம். ரெயின்போ நகர் நீரில் நின்றது. அது ஒருமுறை நடந்த நிகழ்ச்சியன்று. கனமழை வருந்தோறும் அந்நகர் நீரில் நிற்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். ‘வானவில்’ என்று தமிழிற் பெயர் வைக்கவும் மனமில்லை. வானம் பொழிவதற்கு வழிவிடவும் மனமில்லை! மொழியைப் புறக்கணித்த கையும் நீர்வழியைப் புறக்கணித்த கையும் ஒரே கைதான்.

சிதறிய ஊரில் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஈருருளி தேவைப்படுகிறது. சற்றே வளமுடையவர்க்கு மகிழுந்து. வாங்க முடியாதவர், ஆளை அடைத்துச் செல்லும் தானியிலும் சிற்றுந்திலும் தொங்குகின்றனர். முதியோர் வீட்டோடு முடங்குகின்றனர். பெண்பிள்ளைகள் மாலை வகுப்புக்குச் செல்ல முடிவதில்லை. நடந்து செல்பவனுக்குச் சாலையில் இடமில்லை. அவன் நடக்க வேண்டிய ஓரத்தில் வண்டிகள் நிற்கின்றன.

இங்கே தொழிலாளத் தோழர்கள் மிகுதியாக அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 1936 சூலை 30 அன்று இம்மண்ணில் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சுக் காவல்படையின் குண்டுக்கு இரையாயினர். தோழர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக எட்டுமணிநேர வேலை இங்கே சட்டமாயிற்று. எட்டுமணி உழைப்பு, எட்டுமணி ஓய்வு, எட்டுமணி வாழ்வு என்பதன்றோ அதன் பொருள்? அந்த எட்டுமணி உழைப்புக்கு முன்னால் ஒரு மணியும் பின்னால் ஒரு மணியும் சாலையில் கரையுமானால், பன்னிருவர் உயிர்கொடுத்து மீட்ட பொழுதில் நாளொன்றுக்கு இரண்டு மணியை நாம் மீண்டும் இழந்துவிட்டோம். அதற்குக் கூலியும் இல்லை. அதைக் கேட்பதற்குச் சங்கமும் இல்லை. தொலைவு என்பது தொழிலாளி செலுத்தும் கண்ணுக்குத் தெரியாத வரி.

நிலையஞ்சூழ் ஊர்

இதற்கு உலகம் கண்டிருக்கும் மாற்று யாது? பொதுப் போக்குவரவு நிலையத்தை நடுவாகக் கொண்டு, அதிலிருந்து பத்துமணித்துளி நடைத்தொலைவுக்குள், அதாவது 500 முதல் 800 மீட்டருக்குள், வீடு, கடை, பள்ளி, மருத்துவமனை, பணியிடம், அங்காடி, பூங்கா அனைத்தையும் செறிவாக அமைப்பது. இதற்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் ஒரு சுருக்கப்பெயர் உண்டு. நம் அலுவலகங்களில் அதையே ஓதுகின்றனர். நான் இதனை ‘நிலையஞ்சூழ் ஊர்’ என்று சொல்கிறேன். இதனினும் நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் மகிழ்வோடு ஏற்பேன். சொல் நம்முடையதாக வேண்டும். அப்பொழுதுதான் பொருளும் நம்முடையதாகும்.

பிரேசில் நாட்டில் குரித்திபா என்றொரு நகர். அங்கே நிலத்தடித் தொடர்வண்டிக்குப் பணமில்லை. 1974 முதல் பேருந்துக்கென்றே தனித்தடம் வகுத்தனர். உயர்ந்த கட்டடங்களை அத்தடத்தை ஒட்டி மட்டும் எழுப்ப இசைவளித்தனர். தடத்திலிருந்து விலக விலக உயரம் குறைய வேண்டும். ஊரின் உருவமே பேருந்துத் தடத்தின் உருவமாயிற்று. பணம் மிகுந்த நாடுகளுக்கே இது இயலும் என்று சொல்வோர்க்குக் குரித்திபா விடை.

இன்னொன்று, நம் உடன்பிறந்தோர் வாழும் சிங்கப்பூர். 1960-இல் அங்கு வீட்டுவசதிக் கழகம் தொடங்கப்பெற்றது. இன்று மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதின்மர் அதன் அடுக்குவீடுகளில் வாழ்கின்றனர். 1987-இல் விரைவுத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. நிலையத்தை ஒட்டியே பேருந்து மாறுமிடம், உணவங்காடி, நூலகம், மருத்துவமனை. அங்குள்ள பல நிலையங்களின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து நிற்கிறது. கடல்கடந்த நாட்டில் நிலையத்தின் நெற்றியில் தமிழ் இருக்கிறது. நிலையத்தைச் சுற்றித் தமிழன் வீடும் இருக்கிறது. 1989 முதல் ஒவ்வோர் அடுக்குவீட்டிலும் எல்லா இனத்தாரும் கலந்து வாழுமாறு விதி வகுத்திருக்கின்றனர். இனங்கள் தனித்தனிச் சேரியாகப் பிரியாதிருக்க அவர்கள் செய்தது அது. நாம் சாதிகள் தனித்தனித் தெருவாகப் பிரியாதிருக்க அதனைச் செய்யலாகாதா?

இந்திய ஒன்றிய அரசும் 2017-இல் இத்தகைய ஊரமைப்புக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் புதுச்சேரி ‘சீர்மிகு நகர்’ பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. கொள்கை இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. இனி அது யாருக்காக நடைபெறும் என்பதே வினா.

சென்னை தரும் எச்சரிக்கை

நிலையம் கட்டிவிட்டால் ஊர் தானே நலம்பெறும் என்று நம்பிவிடாதீர்கள். சென்னையைப் பாருங்கள். பறக்கும் தொடர்வண்டி 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007-இல் வேளச்சேரியை எட்டியது. பக்கிங்காம் கால்வாயின் நீர்வழியிலேயே தூண்களை ஊன்றினர். மாளிகைபோல் நிலையங்களை எழுப்பினர். ஆனால் நிலையத்துக்கும் பேருந்துக்கும் இணைப்பில்லை. நிலையத்துக்கும் தெருவுக்கும் ஒழுங்கான நடைவழியில்லை. ஆகவே பெருங்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. ஊர்தி இருந்தது, ஊர் அதனோடு சேரவில்லை. 2023 திசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் மாபெரும் பேருந்து நிலையம் திறக்கப்பட்டபோது அதன் எதிரே தொடர்வண்டிப் பாதை இருந்தது. நின்று ஏறத் தொடர்வண்டி நிலையம் இல்லை. முன்னே செய்ய வேண்டியதைப் பின்னே செய்தனர். மூட்டையும் பிள்ளையுமாகத் துன்புற்றவர் மக்கள்.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் வாழ்ந்த சென்னையின் உழைக்கும் மக்களை 2000 முதல் ஊருக்குத் தெற்கே நெடுந்தொலைவில் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும், அதன்பின் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்தனர். வீடு கொடுத்தனர், உண்மைதான். வேலை எங்கே? பழைய இடத்தில். பள்ளி எங்கே? பழைய இடத்தில். வீட்டுவேலை செய்த தாய்மார் பலர் பேருந்துக் கட்டணத்துக்கே கூலியின் பாதியைத் தர மனமின்றி வேலையை விட்டனர். முறைகேட்டை எதிர்த்து அரசவையில் நின்று வழக்குரைத்தவளின் பெயரை, முறைகேடாகப் பெயர்க்கப்பட்டோர் வாழுமிடத்துக்குச் சூட்டினர். பெயர் தூய தமிழ்ப்பெயர்தான். பெயர் மட்டும் தமிழாயிருந்தால் போதாது, தோழர்களே. அதன் உள்ளும் தமிழரின் முறைமை இருக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கையை நெஞ்சில் நிறுத்துங்கள். நிலையஞ்சூழ் ஊர் என்ற பெயரில் நிலத்தின் விலையை ஏற்றிவிட்டு, ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவரை வெளியேற்றினால், அது ஊரமைப்பன்று, ஊர்பறிப்பு.

நம் கையிலிருக்கும் வாய்ப்பு

இனி நம் இடத்துக்கு வருவோம். 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு இருப்புப்பாதை வந்தது. ஏறத்தாழ 38 கி.மீ. நீளம், வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் எனும் நிலையங்களைக் கடந்து, இதோ இந்த உப்பளத்தின் அருகே, சுப்பையா சாலையில் வந்து முடிகிறது. அகலப்பாதையும் ஆயிற்று, மின்வண்டியும் ஓடுகிறது. ஆனால் ஒற்றைத் தடம். நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகள். வில்லியனூரிலிருந்து இங்கு வேலைக்கு வருபவர் தொடர்வண்டியை நம்பிப் புறப்பட முடியாது. ஆகவே நெரிசல் மிகுந்த விழுப்புரம் சாலையில் ஈருருளியில் வருகிறார். தெற்கே கடலூர் 22 கி.மீ. தொலைவுதான், தொடர்வண்டியில் செல்ல வேண்டுமானால் விழுப்புரம் சென்று சுற்றிவர வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் செல்லும் கடற்கரைப் பாதைபற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகின்றனர். அது தாளிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நிலையத்துக்கு மேற்கே, இதே இருப்புப்பாதையை ஒட்டி, கடலூர்ச் சாலையில் ஏ.எப்.டி. ஆலை கிடக்கிறது. 1898-இல் உரோடியர் ஆலையாகத் தொடங்கி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டு, 1986-இல் அரசின் கைக்கு வந்து, 2020-இல் மூடப்பட்டது. 2024-இல் பேருந்து நிலையத்தைப் புதுக்கிக் கட்டியபோது இடைக்காலப் பேருந்து நிலையம் இயங்கியதும் அவ்வாலையின் திடலில்தான். உரிய பேருந்து நிலையமோ மறைமலையடிகள் சாலையில் இருக்கிறது. தொடர்வண்டி நிலையத்திலிருந்து இரண்டு கி.மீ.க்கும் குறைந்த தொலைவு. எண்ணிப் பாருங்கள்! ஒருபுறம் சுப்பையா பெயர்தாங்கிய சாலை. மறுபுறம் 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட அடிகளார் பெயர்தாங்கிய சாலை. ஒன்றில் தொடர்வண்டி, மற்றொன்றில் பேருந்து. அருகே தொழிலாளர் குருதியும் வியர்வையும் ஊறிய பொதுநிலம். நிலையஞ்சூழ் ஊர் அமைக்க இதனினும் தக்க இடம் வேறெங்கே உண்டு?

அந்த ஆலைநிலத்தை என்றேனும் ஒருநாள் யாருக்கேனும் எதற்கேனும் கொடுப்பார்கள். அப்பொழுது விழித்து அலறுவதைவிட, அந்நாளுக்கு முன்பே நமக்கு வேண்டியது இன்னதென உரைத்துவிடுவோம்.

முதலாவது: அந்நிலம் விற்கப்படாமல் பொதுநிலமாகவே இருக்கட்டும். மேட்டுப்பகுதியில் நான்கைந்து அடுக்கு வீடுகள் எழட்டும். தாழ்ந்த பகுதி மழைநீர் தங்கும் குளமாகவும் பூங்காவாகவும் இருக்கட்டும். கீழ்த்தளத்தில் கடையும் பட்டறையும் குழந்தைகள் காப்பகமும், மேல்தளங்களில் குடியிருப்பு. குடிக்கூலி தொழிலாளியின் கூலிக்கு அடங்கியதாக இருக்கட்டும். வேலையிழந்த ஆலைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும்.

இரண்டாவது: உப்பளம், வம்பாகீரப்பாளையம், முதலியார்பேட்டை ஆகிய இடங்களில் இன்று வாழும் எளியவர் எவரையும் அவர்தம் தொழிலிடத்திலிருந்து நடந்தடைய முடியாத தொலைவுக்குப் பெயர்த்தலாகாது. கடல்தொழில் செய்பவனைக் கடலிலிருந்து பத்துக் கி.மீ. தள்ளிக் குடியமர்த்துவது, மீனைக் கரையில் போட்டு நீந்தச் சொல்வது போன்றது.

மூன்றாவது: விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதையில் காலையும் மாலையும் அடிக்கடி ஓடும் சிறு தொடர்வண்டிகள் வேண்டும். தொடர்வண்டி நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே ஓயாமல் ஓடும் பேருந்து வேண்டும். இரண்டுக்கும் ஒரே சீட்டு வேண்டும். வில்லியனூரிலும் மற்ற நிலையங்களிலும் நிலையத்தைச் சுற்றியே ஊர் வளரட்டும்; பாகூர் வயல்களும் ஊசுட்டேரியின் சூழலும் தப்பிப் பிழைக்கட்டும்.

நான்காவது: நடப்பவனுக்கு வழி. நிழல் தரும் வேம்பும் புங்கும் நட்ட, அகன்ற, தடையற்ற நடைமேடைகள் எல்லா நிலையங்களுக்கும் வேண்டும். தாழ்வாரம் கண்ட இனத்துக்கு இதைச் சொல்லித்தர வேறு நாட்டார் வர வேண்டியதில்லை.

எல்லைக்கோடும் ஆட்சிமொழியும்

இவற்றைக் கேட்டால் அலுவலர் ஒருவிடை வைத்திருப்பர்: “வளவனூர் தமிழ்நாட்டில் இருக்கிறது, எங்கள் திட்டம் அங்கே செல்லாது.” உண்மை. முத்தியாலுப்பேட்டையை ஒட்டிய கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். தெருவில் நடந்து செல்பவனுக்கு எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்றே தெரியாது. ஆங்கிலரும் பிரெஞ்சியரும் பேரம்பேசிப் பிய்த்த துண்டுகள், 1954-இல் பிரெஞ்சியர் ஆட்சியை விட்டு நீங்கிய பின்னும், 1962-இல் சட்டப்படி இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின்னும், அதே துண்டுகளாகவே இருக்கின்றன. 1969-ஆம் ஆண்டு நகர, ஊரமைப்புச் சட்டம் புதுச்சேரிக்குள் மட்டும் செல்லும். அடுத்த தெருவுக்கு வேறு சட்டம்.

இதற்கு வழியே இல்லையா? தில்லிக்கு வழி கண்டார்களே! 1985-இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் இயற்றி, தில்லியோடு அரியானா, உத்தரப்பிரதேசம், இராசத்தான் ஆகிய மாநிலங்களின் பகுதிகளையும் சேர்த்துத் தலைநகர்ப் பகுதித் திட்டவாரியம் அமைத்தனர். 2023 அக்தோபரில் அப்பகுதியின் ஊர்களை இணைக்கும் விரைவுத் தொடர்வண்டியும் ஓடத் தொடங்கியது. தில்லியின் தேவைக்கு மாநில எல்லைகள் வளைந்துகொடுக்கும். ஒரே மொழி பேசும், ஒரே ஆற்றுநீர் குடிக்கும் தமிழரின் தேவைக்கு மட்டும் எல்லைக்கோடு இரும்புக்கோடாக நிற்கும்! தமிழ்நாட்டரசும் புதுச்சேரி அரசும் தம் மக்களின் பேராளர்களோடு அமர்ந்து, புதுச்சேரி–விழுப்புரம்–கடலூர் வட்டாரத்துக்கு ஒரே ஊரமைப்பு வாரியம் காண வேண்டும் என்பது நம் ஐந்தாவது வேண்டுகை. இது எவரிடமும் இரந்து கேட்பதன்று. உடன்பிறந்தோர் இருவர் தம் வீட்டுக்கு இடையிலுள்ள சுவரில் ஒரு கதவு திறப்பது.

ஆறாவதும் இறுதியுமானது மொழி. 1965-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி தமிழ் இம்மண்ணின் ஆட்சிமொழி. ஆங்கிலத்தையும் ஆளலாம் என்றதும் அச்சட்டமே. அந்த ‘உம்’ வழியாக நுழைந்த ஆங்கிலம் முழுவீட்டையும் பிடித்துக்கொண்டது. ஓர் ஊரமைப்புத் திட்டத்தில் நம் தெரு அகலமாகுமா, நம் வீடு நிற்குமா இடிபடுமா, நம் ஏரிக்கரை மனையாகுமா என்பவை எழுதப்படுகின்றன. அதன்மேல் மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிக்கின்றனர். எந்த மொழியிலுள்ள ஏட்டைப் படித்துக் கருத்துச் சொல்வது? மீன்கூடை சுமக்கும் தாய் அந்த வரைபடத்தில் தன் வீட்டைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். ‘மேல் எத்தனை அடுக்கு கட்டலாம்’, ‘மனைப்பரப்பின் எத்தனை மடங்கு தளம் எழுப்பலாம்’, ‘இந்நிலம் வீட்டுக்கா கடைக்கா’ என்பனவெல்லாம் தமிழில் சொல்ல முடியாதவை அல்ல, சொல்ல விரும்பாதவை. விளங்காத மொழியில் கேட்கப்படும் கருத்து, கேட்கப்படாத கருத்தேயாகும். 1815-இல் உப்பளத்தாரை எவரும் கேட்கவில்லை. இன்று ஆங்கிலத்தில் கேட்கிறார்கள். வேறுபாடு என்ன?

ஆகவே, தமிழ் நெஞ்சங்களே, மொழிப் போராட்டம் வேறு, மண்ணுரிமைப் போராட்டம் வேறு, வீட்டுக்கும் வேலைக்குமான போராட்டம் வேறு எனப் பிரிக்காதீர்கள். பேருந்து, தொடர்வண்டி, மிதிவண்டி என்று நாம் சொற்களை ஆக்கினோம்; முதலில் நகைத்தார்கள்; பின்னர் அவர்களே அச்சொற்களைப் பலகையில் எழுதினார்கள். சொல்லை வென்றெடுத்த நாம் அச்சொல் குறிக்கும் பொருளையும் வென்றெடுக்க வேண்டும். பேருந்து என்னும் சொல் தமிழனுடையதாயிற்று. பேருந்து நிற்குமிடமும் அதனைச் சூழ்ந்த ஊரும் அவனுடையதாக வேண்டாவா?

இங்குள்ள இளைஞர்களுக்கு ஒரு பணி தருகிறேன். ஊரமைப்புத் துறையின் வரைபடங்களையும் விதிகளையும் தேடிப் பெறுங்கள். பொறியியல் பயின்றவர் பொருளை விளக்கட்டும்; தமிழ் பயின்றவர் அதனை எளிய தமிழில் எழுதட்டும். தெருத்தெருவாக எடுத்துச் செல்லுங்கள். திண்ணை இருக்குமிடத்தில் திண்ணையிலும், இல்லாத இடத்தில் தெருமுனையிலும் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். பின்னர் உப்பளத்தார் தம் கருத்தைத் தம் மொழியில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பட்டும். ஆயிரம் தமிழ் மடல்கள் ஓர் அலுவலகத்தின் மேசையில் விழுந்தால், அவற்றைப் படிப்பதற்காகவேனும் அங்கே தமிழ் நுழையும்.

ஊர் நம்முடையதாகட்டும், ஊர்தி நமக்காக ஓடட்டும், அவ்விரண்டையும் வகுக்கும் ஏடு தமிழில் எழுதப்படட்டும்! 

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!